விசில் அடிக்காத குக்கர்

சூப் என்றதும் எமது பெண்களில் பலருக்கு வைத்தியசாலைக் கட்டில்தான் ஞாபகத்துக்கு வரும். பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சலில் கிடப்பவருக்கும், பல் இல்லாத முதியவருக்கும் கொடுப்பது சூப். கஞ்சி என்றால் எம்மில் பலருக்கு வேறொரு ஞாபகம் வரும். 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியைக் குடித்து உயிரைப் பிடித்துக்கொண்டவர்கள் நாங்கள். இப்போது ஆண்டுதோறும் மே மாதத்தில் அதே கஞ்சியைக் காய்ச்சி இறந்தவர்களை நினைவுகூருகிறார்கள்.

நான் எழுதப் போவது மாத்தளையில் எங்கள் வீட்டில் மின்சாரப் பிரஷர் குக்கரில் சூப் வைக்கப் பழகியதைப் பற்றி. சமையற்குறிப்புத்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே. சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் போன ஒரு தாயைப் பற்றிய விடயமும் இதில் இருக்கிறது. அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

நான் பிறந்தது இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். 1977 ஓகஸ்ட் மாத வன்செயலின்போது எனக்கு ஏழு வயது. லயத்தை விட்டு இரவோடிரவாக இறங்கி, வவுனியா போய், அங்கிருந்து கிளிநொச்சிக்குப் போனோம். அந்த வருடம் மலைநாட்டிலிருந்து அப்படி வடக்கே போன குடும்பங்கள் ஏராளம். காடு வெட்டினோம், கொட்டில் போட்டோம், கச்சான் விதைத்தோம். மாத்தளையை விட்டுப் போகாமல் நின்ற எனது மாமா குடும்பத்துக்கும் நிம்மதி இருக்கவில்லை. 1983 ஜூலையில் மாத்தளை நகரில் தமிழர்களின் கடைகள் எரிந்தபோது அவர்கள் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்தார்கள். போனவர்களுக்கும் பயம், நின்றவர்களுக்கும் பயம்.

2009இல் மாத்தளன் கடற்கரையில் அப்பாவையும் எனது கணவரையும் இழந்தோம். மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2010இல் நானும் அம்மாவும் எனது மகளும் மாமா வீட்டுக்கே திரும்பி வந்தோம். மாத்தளையிலிருந்து போய், மாத்தளனில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மறுபடி மாத்தளைக்கு. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம் என்று அம்மா சில வேளைகளில் சொல்வார்.

மாமா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அத்தை பருப்பு அவிப்பதற்காகக் குக்கரை அடுப்பில் ஏற்றினார். எங்களுக்கு நல்ல சாப்பாடு தரவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு. முதலாவது விசில் வந்ததும் அம்மா எனது மகளின் தலையை அமுக்கிக்கொண்டு சிமெந்துத் தரையில் குப்புற விழுந்தார். "விழுந்து படுங்கோ, விழுந்து படுங்கோ" என்று கத்தினார். இரண்டாவது விசில் வந்தபோது காதைப் பொத்திக்கொண்டு அப்படியே கிடந்தார். அத்தைக்கு என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. "என்னங்க அண்ணி, குக்கருதாங்க, வெறும் குக்கருதாங்க" என்று அழுதார். செல் வரும்போது முதலில் கூவல்தான் கேட்கும் என்பதை வன்னியில் இருந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. மாத்தளையில் இருந்தவர்களுக்குச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டியிருந்தது.

அதன் பின்பு அம்மா அடுப்படிப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். தூரத்து வீடுகளில் விசில் கேட்டால் முகம் மட்டும் மாறும். எங்கள் வீட்டில் கேட்டால் உடம்பெல்லாம் நடுங்கும். சமைக்கும் நேரம் வந்தால் வெளியே போய் மிளகுக் கொடி படர்ந்திருந்த மரத்தடியில் இருந்துகொள்வார். சாப்பாட்டைத் தட்டில் போட்டு அங்கேதான் கொண்டுபோய்க் கொடுப்பேன். மழையென்றால் திண்ணையில். வைத்தியசாலையில் உளநலப் பிரிவு வைத்தியர் ஒரு விடயத்தைச் சொன்னார். "அவருக்கு அது குக்கர் என்று மனதுக்குத் தெரியும். உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. கண்டிக்காதீர்கள், பகிடி பண்ணாதீர்கள், கட்டாயப்படுத்திக் கேட்க வைக்காதீர்கள்." இந்த மூன்றையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன்.

அத்தை குக்கரைத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டு விறகில் சமைத்தார். சில வருடங்களில் நாங்கள் தனியாகச் சின்ன வீடொன்றுக்கு வந்தபோது நானும் விறகில்தான் சமைத்தேன். அம்மாவுக்குப் பற்கள் விழுந்துகொண்டு வந்தன. மென்று சாப்பிடக் கூடியவை ஒவ்வொன்றாகக் குறைந்தன. சூப்பும் கஞ்சியும்தான் தோதாக இருந்தன. ஆனால் விறகில் எலும்புச் சூப் வைக்க மூன்று மணித்தியாலம் வேண்டும். நான் வேலை செய்வது மிளகு, கராம்பு, சாதிக்காய் துப்புரவாக்கித் தரம் பிரிக்கும் இடமொன்றில். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். ஆகவே சூப் என்பது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாகவே இருந்தது. புகையின் கெடுதியையும் சொல்ல வேண்டும். விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றைக் கொண்டு சமைப்பதால் வீட்டுக்குள் சேரும் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகத்தில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அடுப்படியில் நிற்பவர்கள் நாங்கள். எங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் பிள்ளைகள்.

காஸ் அடுப்புக்கு மாறலாம் என்று காசு சேர்த்த காலத்தில்தான் நாட்டில் நெருக்கடி வந்தது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாக ஏறியது. ஏறிய விலைக்கும் கிடைக்கவில்லை. வெறும் சிலிண்டரை வைத்துக்கொண்டு மக்கள் வரிசையில் நின்றார்கள். நான் அந்த வரிசைக்குப் போகவில்லை. முகாமில் தண்ணீருக்கும் சோற்றுக்கும் நின்ற வரிசைகள் போதும் என்று விறகோடு இருந்துவிட்டேன்.

மின்சாரப் பிரஷர் குக்கர் என்ற பேச்சை எடுத்தது கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் எனது சித்தியின் மகள். அங்கே தமிழ் வீடுகள் பலவற்றில் அது இருக்கிறதாம். இப்படியொரு குக்கருக்கு 1991இல் சீனாவில் காப்புரிமை பதிவாகியிருக்கிறது. 'இன்ஸ்டன்ட் பொட்' என்று பெயர் பெற்ற குக்கர் 2010இல் கனடாவின் ஒட்டாவா நகரிலிருந்து வந்தது. அதை உருவாக்கிய ரொபர்ட் வாங் என்பவர் அதற்குச் சற்று முன்னர் வேலையை இழந்தவர். வேலைக்குப் போகும் தாய் தகப்பனால் பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு சமைத்துக் கொடுக்க முடியவில்லையே என்ற யோசனையில் செய்யத் தொடங்கினாராம்.

"நான் ஒன்று வாங்கி அனுப்பட்டா அக்கா?" என்று தங்கை கேட்டாள். அனுப்பும் முன் வயரிங் வேலை செய்யும் தம்பியொருவரிடம் கேட்டோம். அவர் வேண்டாம் என்றார். வெளிநாட்டில் உறவினர் உள்ள சகோதரிகள் இதைக் கவனமாக வாசியுங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். இலங்கையில் 230 வோல்ட். அங்கே வாங்கிய குக்கரை இங்கே நேராகச் சொருகினால் அது எரிந்துபோகும். வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்கினால் அதற்கும் பெரிய செலவு. பொருளைவிடக் காசை அனுப்பச் சொல்வதே புத்தி. நாங்கள் அப்படித்தான் செய்தோம். அவள் அனுப்பியதோடு நான் பிடித்த சீட்டுக் காசையும் சேர்த்து, 2023இல் மாத்தளை நகரில் ஆறு லீற்றர் குக்கர் ஒன்று வாங்கினேன். கடையில் நான் கேட்ட முதலாவது கேள்வி, "இது கூவுமா?" என்பதுதான். கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அது கூவாது. ஏன் என்பதை விளங்கிக்கொண்டால் பயமில்லாமல் பாவிக்கலாம். அடுப்பில் வைக்கும் குக்கருக்குத் தீயின் அளவு தெரியாது. ஆவி மிஞ்சும்போது பாரத்தைத் தூக்கிக்கொண்டு விசிலாக வெளியேற்றும். மின்சாரக் குக்கருக்குள் சூட்டையும் அழுத்தத்தையும் அளக்கும் கருவி இருக்கிறது. தேவையான அளவு வந்ததும் மின்சாரத்தைத் தானே நிறுத்தும், குறைந்தால் தானே ஏற்றும். ஆவி வெளியே போக வேண்டிய தேவையே இல்லை. மூடியில் உள்ள சின்ன ஊசி மேலெழும் வேளையில் மட்டும் மெல்லிய 'உஸ்' சத்தம் கொஞ்சம் கேட்கும். சமையல் முடிந்ததும் பல குக்கர்களில் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். சத்தத்துக்குப் பயந்தவர்கள் வீட்டில் இருந்தால் இவை இரண்டையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தண்ணீர் கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். மேலே போகப் போக அந்தச் சூடு குறையும். ஆயிரம் மீற்றர் உயரத்திலுள்ள தோட்டங்களில் 97 பாகைக்குக் கிட்டவே தண்ணீர் கொதித்துவிடும். மலையில் பருப்பும் எலும்பும் வேகச் சுணங்குவது அதனால்தான். மூடி இறுகிய குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 115 பாகை வரை ஏறும். மூன்று மணித்தியால வேலை முக்கால் மணித்தியாலத்தில் முடிவது இந்தச் சூட்டினால்தான்.

இந்த விடயத்தை முதலில் கண்டுபிடித்தவரும் எலும்பு அவிக்கத்தான் கண்டுபிடித்தார். தெனிஸ் பப்பின் என்ற பிரான்ஸ் நாட்டவர் 1679இல் லண்டனில், எலும்பை மெதுவாக்கிச் சாறெடுப்பதற்கென்று இறுக்கி மூடிய இரும்புப் பாத்திரமொன்றைச் செய்தார். அது வெடிக்காமல் இருக்கப் பாதுகாப்பு வால்வும் வைத்தார். எலும்பு வீணாகாமல் ஏழைகளுக்கு ஆகாரமாக வேண்டும் என்பது அவரது எண்ணம். அவர் புரட்டஸ்தாந்து சமயத்தவர். 1685இல் பிரான்ஸ் மன்னர் அச்சமயத்தவரின் உரிமைகளைப் பறித்த பின் அவரால் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போய் வாழ முடியவில்லை. கடைசிக் காலத்தில் லண்டனில் வறுமையில் இருந்து இறந்துபோனார். இதை மகள் வாசித்துச் சொன்னபோது, "அவரும் எங்களைப் போலத்தானா?" என்று அம்மா கேட்டார்.

குக்கர் வந்த நாளில் அதை நடு வீட்டில் வைத்து, அம்மாவிடம் மூடியைக் கழற்றிக் காட்டினேன். வால்வைக் கையில் கொடுத்தேன். தண்ணீர் மட்டும் ஊற்றி, கதவைத் திறந்து வைத்து, "எழும்பிப் போக விருப்பமென்றால் போங்கோ" என்று சொல்லிவிட்டு இயக்கினேன். அம்மா வாசற்படியில் இருந்தார். "எப்ப கூவும்?" என்று நாலைந்து தரம் கேட்டார். "கூவாது அம்மா" என்றேன். நேரம் முடிந்து, ஆறி, ஊசி 'டக்' என்று கீழே விழுந்தது. "அவ்வளவுதானா?" என்றார். அடுத்த நாள் கோழி எலும்புச் சூப் வைத்தேன். அம்மா வாசற்படியில் இருந்து அடுப்படிக்கு வர இரண்டு கிழமைகள் சென்றன. வந்தவர், லீக்ஸைச் சிறிதாக வெட்டவில்லை என்று என்னைக் குறை சொன்னார். பதின்மூன்று வருடங்களுக்குப் பிறகு எனது சமையலில் அம்மா கண்டுபிடித்த முதற்குறை அது. எனக்கு அன்று முழுவதும் சந்தோசம்.

இனி நாங்கள் வைக்கும் சூப் வகைகளைச் சொல்கிறேன். எல்லாம் ஆறு லீற்றர் குக்கருக்கான அளவு.

கோழி எலும்புச் சூப்: கழுத்து, முதுகு எலும்பு அரைக் கிலோ. கரட் ஒன்று, லீக்ஸின் பச்சைப் பகுதி, வெங்காயம் ஒன்று, வெள்ளைப்பூண்டு ஐந்து பல்லு, சிறு துண்டு இஞ்சி, விரல் நுனியளவு கறுவா. முழு மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி. தண்ணீர் ஒன்றரை லீற்றர். நாற்பது நிமிடம் வைத்து, பிறகு தானாக ஆறவிடுங்கள். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு உப்பும் தேசிக்காய்ப் புளியும் சேருங்கள். மிளகோடு நாள் முழுதும் இருப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முதலிலேயே போடும் மிளகு காரத்தைத் தரும், வாசம் ஆவியோடு போய்விடும். ஆகவே கொஞ்சம் மிளகைப் பரிமாறும் நேரத்தில் இடித்துப் போடுங்கள். வாங்கும்போது கையில் பாரமாக இருக்கும் மணிகளைப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் போட்டால் மிதப்பவை உள்ளே வெறுமையானவை.

முருங்கையிலைப் பருப்புச் சூப்: மைசூர்ப் பருப்பு அரைக் கோப்பை, தண்ணீர் நாலு கோப்பை, தக்காளி ஒன்று, வெள்ளைப்பூண்டு, மஞ்சள். நுரை அடங்கத் தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டி. எட்டு நிமிடம் போதும். ஆறித் திறந்த பின், இரண்டு கைப்பிடி முருங்கையிலை போட்டு, மூடாமல் நாலு நிமிடம் கொதிக்கவிடுங்கள். கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால். கீரை வகைகளைத் தொடக்கத்திலேயே போட்டு மூடினால் நிறமும் போகும், சத்தும் குறையும்.

சாளை மீன் சூப்: தலை நீக்கிய சாளையைக் கொறுக்காய், மிளகு, கறிவேப்பிலை, உப்பு, ஒரு லீற்றர் தண்ணீர் சேர்த்து ஒரு மணித்தியாலம் வைத்தால் முள்ளும் மசிந்துவிடும். முள்ளை மசித்துத்தான் அம்மாவுக்குக் கொடுப்பேன், இருந்தாலும் விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்த பிறகே. எலும்புச் சூப்பில் கல்சியம் நிறைய இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். எலும்பிலிருந்து தண்ணீரில் கரைவது சிறிதளவுதான். கல்சியம் வேண்டுமென்றால் மீனை முள்ளோடு சாப்பிட வேண்டும், நெத்தலியையும் அப்படியே. எலும்புச் சாறு ருசியைத் தரும், உடம்பைத் தேற்றுவது அதற்குள் போடும் பருப்பும் இறைச்சியும் மீனும்தான். வெறும் தண்ணிச் சூப்பை மட்டும் கொடுத்து முதியவரையோ பிள்ளையையோ காப்பாற்ற முடியாது. பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு உப்பையும் சூப் கட்டிகளையும் குறைக்க வேண்டும்.

வல்லாரைக் கஞ்சி: இதைச் சொல்லித் தந்தவர் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா. அவர்கள் 'கொல கெந்த' என்பார்கள். சிவப்புப் பச்சையரிசி அரைக் கோப்பைக்குத் தண்ணீர் ஆறு கோப்பை. பன்னிரண்டு நிமிடம் வைத்து ஆறவிடுங்கள். வல்லாரையை அரைத்துப் பிழிந்த சாற்றையும் தேங்காய்ப்பாலையும் திறந்த பின் ஊற்றி ஒரு கொதி விடுங்கள். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். அந்த அம்மாவின் தம்பி 1989ஆம் ஆண்டுக் கலவரக் காலத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர். இன்றுவரை வரவில்லை. அம்மாவுக்குச் சிங்களம் நாலு சொல், அவருக்குத் தமிழ் நாலு சொல். ஆனாலும் காலையில் இருவரும் ஆளுக்கொரு கோப்பையோடு மரத்தடியில் இருப்பார்கள். முன்பு அம்மா பயந்து ஒதுங்கிய அதே மரத்தடியில் இப்போது துணையோடு இருக்கிறார்.

பாதுகாப்பு விடயங்களையும் சொல்ல வேண்டும். பாத்திரத்தை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். அரிசி, பருப்பு, கடலை என்றால் அரைவாசிதான். சூப் வைத்தால் வால்வைத் திருப்பி ஆவியைச் சடுதியாக வெளியேற்ற வேண்டாம். சுடு சாறு பீறிட்டு வரும், பெரிய சத்தமும் வரும். இருபது, இருபத்தைந்து நிமிடம் பொறுத்தால் ஊசி தானே விழும். அதற்கு முன் மூடியோடு மல்லுக்கட்டாதீர்கள். மூடியின் றப்பர் வளையத்தையும் ஆவித் துவாரத்தையும் ஒவ்வொரு தரமும் கழுவுங்கள். உள் பாத்திரத்தின் வெளிப்புற ஈரத்தைத் துடைத்த பின்பே உள்ளே வையுங்கள். மிஞ்சிய சூப்பை இரவு முழுதும் வெளியே விடாதீர்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால் அந்த வேளைக்குத் தேவையானதை மட்டும் வையுங்கள்.

குக்கர் ஏறத்தாழ 1,000 வாட் இழுக்கும். லைட்டுக்கு இழுத்த வயரில் போடாமல், மண் தொடுப்பு உள்ள 13 அம்பியர் பிளக்கில் மட்டும் போடுங்கள். பழைய லயன் வீடுகளில் இருப்பவர்கள் முதலில் வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டி, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். நாற்பது நிமிடச் சூப்புக்கு எங்கள் மீற்றர் அரை யூனிட்டுக்கும் குறைவாகவே ஓடுகிறது. சூடு ஏறியதும் பெரும்பாலும் மின்சாரம் நின்றுவிடுவதே காரணம். இதனால்தான், பிரித்தானிய அரசின் உதவியோடு 2019இல் லவ்பரோ பல்கலைக்கழகம் தொடங்கிய திட்டமொன்று கென்யா போன்ற நாடுகளில் விறகுக்கும் கரிக்கும் பதிலாக இந்தக் குக்கர்களைப் பரீட்சித்துப் பார்த்தது.

ஆனால் விறகடுப்பை உடைத்துவிடாதீர்கள். 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து எமது மாவட்டத்திலும் மண் சரிந்து உயிர்கள் போயின. எங்கள் பக்கம் பல நாட்கள் மின்சாரம் இல்லை. குக்கர் மூலையில் கிடந்தது. விறகடுப்பைச் சுற்றி நாலு வீட்டார் இருந்து, இருந்த அரிசியையும் பூசணிக்காயையும் போட்டுக் கஞ்சி காய்ச்சினோம். அம்மாதான் அகப்பை பிடித்தார். எந்தக் கஷ்டத்திலும் எத்தனை பேருக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் மாதர் சங்கத்தில் வலது கை முழங்கைக்குக் கீழே இல்லாத சகோதரி ஒருவர் இருக்கிறார். சட்டியைப் பிடித்துக் கிண்டுவதும், ஊதி ஊதித் தீ மூட்டுவதும் அவருக்குப் பெரும்பாடு. குக்கரில் சூப் வைப்பது இலகு, மூடியைத் திருப்புவதுதான் கஷ்டம் என்றார். குக்கரின் கீழே ஈரத்துணியை மடித்து வைத்துச் சுவரோடு நெருக்கினால் நழுவாமல் நிற்கும் என்று அவரே வழி கண்டுபிடித்தார். இப்போது மகன் பாடசாலையால் வரும்போது சூடான சூப் இருக்கும். "எனக்குச் சமைத்துத் தர ஆள் தேடிய காலம் போய்விட்டது" என்று கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னார்.

எல்லோரும் குக்கர் வாங்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அது பெருந்தொகை. கடன்பட்டு வாங்க வேண்டாம். ஐந்தாறு பேர் சீட்டுப் போட்டு முறை வைத்து வாங்கலாம், சங்கத்துக்கு ஒன்று வாங்கிப் பிள்ளைப்பேற்று வீட்டுக்கும் நோயாளி வீட்டுக்கும் கொடுத்து எடுக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது சாப்பாட்டு நேரத்தில் எழும்பி வெளியே போகிறார்களா, கதவு அடிபட்டால் திடுக்கிடுகிறார்களா, பட்டாசு வெடிக்கும் நாட்களில் சாப்பிடாமல் இருக்கிறார்களா என்று கவனியுங்கள். என்ன சத்தம் அவர்களை வருத்துகிறது என்று ஆறுதலாகக் கேளுங்கள். சில சத்தங்களை நாங்கள் நிறுத்த முடியாது. வீட்டுக்குள் இருக்கும் சிலவற்றையாவது நிறுத்தலாம். சண்டை முடிந்த பிறகும் அவர்கள் உடம்பில் அது முடியாமல் இருக்கும்போது, வீட்டுக்காரர் செய்யக்கூடிய உதவி சில வேளைகளில் அவ்வளவு சின்னதாக இருக்கும்.

அம்மாவுக்கு இப்போது எண்பது வயதாகப் போகிறது. காலையில் நான் எழும்ப முன் வல்லாரை ஆய்ந்து வைத்திருப்பார். மூடியை நான் பூட்ட வேண்டும், பொத்தானை அவரே அமத்துவார். நேரம் முடியும்வரை பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்து, பேத்தியின் பழைய சட்டைகளுக்குத் தையல் போடுவார்.